அழுகைய நிறுத்திட்ட குழந்தை

1949ல லண்டன்ல ஒரு ரெண்டு வயசு குழந்தைக்கு ஏதோ ஆபரேஷன்னா, குழந்தைய நர்ஸ் கைல குடுத்துட்டு அப்பா அம்மா வீட்டுக்குப் போயிடணும். அதுக்கப்புறம் எப்ப பாக்கலாம்ங்கறது அந்தந்த ஆஸ்பத்திரியோட ரூல். கைஸ் ஆஸ்பத்திரின்னா ஞாயித்துக்கிழமை மத்தியானம் 2லேர்ந்து 4 வரைக்கும். செயின்ட் பார்த்தலோமியூஸ்னா புதன்கிழமை ஒன்றரை மணி நேரம். லண்டன் ஆஸ்பத்திரில 3 வயசுக்குக் கீழ இருந்தா சந்திக்கவே விடமாட்டாங்க, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கலாம். எல்லாத்தையும் விட என்னால தாங்க முடியாதது செயின்ட் தாமஸ் ரூல்தான். முதல் மாசம் முழுக்க சந்திக்கக் கூடாது, ஆனா ராத்திரி 7லேர்ந்து 8க்குள்ள வந்தா தூங்கிட்டு இருக்கற குழந்தைய எட்டிப் பாத்துட்டுப் போலாம். அம்மா வந்துட்டுப் போனாங்கங்கறதே அந்தக் குழந்தைக்குத் தெரியாது.

நம்ம ஊர்ல இத சொன்னா நம்பவே மாட்டாங்க. நம்ம ஜிஹெச்ல குழந்தைய சேர்க்கும்போது கூட இருக்கப் போற ஆள் யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க, அம்மா கட்டில்லயே ஓரமா சுருண்டு படுத்துக்குவாங்க, அப்பா வராண்டால துண்டு விரிச்சுப் படுத்திருப்பாரு, பாட்டி ஃப்ளாஸ்க்ல வெந்நி வாங்கப் போயிருப்பாங்க. ஆனா அங்க, உலகத்துலயே பெரிய டாக்டர்கள் இருந்த ஊர்ல, பாசம் உள்ள நர்ஸுங்க இருந்த வார்டுகள்ல, இப்படி ஒரு வழக்கம் ரொம்ப காலமா நடந்துச்சு. அவங்க யாரும் கெட்டவங்க கிடையாது. அவங்க சொன்ன காரணம் ரெண்டு. ஒண்ணு, வெளியேர்ந்து வர்றவங்க தொத்து நோய் கொண்டு வந்துடுவாங்கங்கற பயம், அந்தக் காலத்துல அந்த பயத்துக்கு அர்த்தம் இருந்துச்சு. ரெண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். அப்பா அம்மா வந்துட்டுப் போனா குழந்தை அழுவுது, வராம இருந்தா ரெண்டு மூணு நாள்ல அடங்கிடுது, சமத்தா ஆயிடுது, அதனால வராம இருக்கறதுதான் குழந்தைக்கு நல்லதுன்னு மனசார நம்புனாங்க.

இந்த "அடங்கிடுது"ங்கறத நான் இன்னைக்கும் வாராவாரம் கேக்கறேன். கோயமுத்தூர்ல ஒரு சின்ன ப்ளேஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். ஜூன் மாசம் புதுசா சேர்ற ஒவ்வொரு குழந்தையோட அம்மாகிட்டயும் யாராவது ஒருத்தர் இத சொல்லுவாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லுவாங்க, மாமியார் சொல்லுவாங்க, சில ஸ்கூல்ல டீச்சரே சொல்லுவாங்க. "திரும்பிப் பாக்காம போயிடுங்க, பத்து நிமிஷம் கத்தும், அப்புறம் அடங்கிடும்." அட்டாச்மென்ட் ஆராய்ச்சி, அதாவது குழந்தைக்கும் அதப் பாத்துக்கற ஆளுக்கும் நடுவுல இருக்கற ஒட்டுதல் பத்தின ஆராய்ச்சி, அதப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன். எல்லாத்தையும் எழுதாம, அழுகைய நிறுத்திட்ட குழந்தைய நம்ம எப்படிப் பாக்கறோம்ங்கற ஒரு விஷயத்த மட்டும் புடிச்சிட்டு எழுதறேன். ஏன்னா இந்த ஆராய்ச்சி குழந்தை வளர்ப்புக்கு செஞ்ச பெரிய நல்லது அதுதான்னு நான் நினைக்கறேன்.

ஜேம்ஸ் ராபர்ட்சன்னு ஒருத்தர். ஸ்காட்லாந்துக்காரர். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல லண்டன் ஹாம்ப்ஸ்டெட்ல அன்னா ஃப்ராய்ட், அதாவது சிக்மண்ட் ஃப்ராய்டோட பொண்ணு, குண்டு வீச்சுல வீடு வாசல் இழந்த குழந்தைகளுக்காக ஒரு நர்சரி நடத்துனாங்க. அங்க ராபர்ட்சனோட மனைவி ஜாய்ஸ் குழந்தைகளப் பாத்துக்கிட்டாங்க, இவரு பாய்லர் பாத்துக்கறது, ரிப்பேர் வேலை பாக்கறதுன்னு சேர்ந்தாரு. ஆனா அன்னா ஃப்ராய்ட் அங்க ஒரு பழக்கம் வெச்சிருந்தாங்க, குழந்தைகள்கிட்ட கண்ணுல பட்டது எதுவா இருந்தாலும் அட்டைல எழுதி வெக்கணும், பாய்லர் பாக்கறவரும் எழுதணும். அப்படித்தான் அவரு பாக்கக் கத்துக்கிட்டாரு. எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும். படிப்புக்கு முன்னாடி பார்வைய அவருக்குக் குடுத்தது அந்த அட்டைகள்தான்.

1948ல அட்டாச்மென்ட் ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்ட மனநல டாக்டர் ஜான் பௌல்பி, ராபர்ட்சன லண்டன்ல டாவிஸ்டாக்ங்கற மனநல கிளினிக்ல வேலைக்கு எடுத்து, ஆஸ்பத்திரி வார்டுல அப்பா அம்மாவ விட்டுட்டு இருக்கற சின்னக் குழந்தைகளப் போய் பாருங்கன்னு அனுப்புறாரு. ராபர்ட்சன் போய் உக்காந்து நாள் கணக்கா பாத்து எழுதுறாரு. மூணு கட்டம் அவர் கண்ணுக்குத் தெரியுது. முதல்ல குழந்தை கத்தும், கதவப் பாக்கும், கம்பியப் புடிச்சு ஆட்டும், யார் தூக்குனாலும் உதறும். அடுத்தது சத்தம் கொறையும், எதுலயும் ஆர்வம் இருக்காது, அப்பப்ப ஒரே மாதிரி முனகும். மூணாவது கட்டத்துல குழந்தை சாப்பிடும், பொம்மைய வெச்சு விளையாடும், எந்த நர்ஸ் வந்தாலும் சிரிக்கும், அம்மா வந்தா மட்டும் யாரோ மாதிரி பாக்கும். வார்டுல இருந்தவங்க ரெண்டாவது கட்டத்த "பழகிட்டு வருது"ன்னு எழுதுனாங்க, மூணாவத "நல்லா பழகிடுச்சு"ன்னு எழுதுனாங்க. ராபர்ட்சன் ரெண்டாவதுக்கு நம்பிக்கை இழந்த நிலைன்னு பேர் வெச்சாரு, மூணாவதுக்கு முதல்ல மறுப்பு நிலைன்னு, பின்னாடி அது ஒட்டுதல் அறுந்த நிலைன்னு மாறுச்சு. ஒரே குழந்தை, ஒரே கட்டில், ஆனா பாக்கற கண்ணு வேற.

இத வாயால சொன்னா எந்த டாக்டரும் கேக்கல. ஒரு சின்ன கேமரா வாங்கிக்கிட்டாரு, அதுக்கு முன்னாடி அவரு படம் எடுத்ததே கிடையாது. ஆஸ்பத்திரி வெயிட்டிங் லிஸ்ட்லேர்ந்து குருட்டாம்போக்குல ஒரு குழந்தையத் தேர்ந்தெடுத்தாங்க, வேணும்னே அழுமூஞ்சிக் குழந்தையா பாத்து எடுத்தாங்கன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு. தினமும் குறிச்ச நேரத்துலதான் படம் எடுக்கணும், அதுக்கு சாட்சியா சுவர் கடிகாரமும் படத்துல தெரியணும். அப்படி 1952ல வந்ததுதான் "ரெண்டு வயசு குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகுது"ங்கற படம். லாராங்கற பொண்ணு, ரெண்டு வயசும் அஞ்சு மாசமும், தொப்புள் குடலிறக்க ஆபரேஷனுக்காக 8 நாள் இருக்கா.

லாரா அதிகம் அழற குழந்தையே இல்ல, அதுதான் விஷயம். வந்த அன்னைக்குக் குளிப்பாட்ட நர்ஸ் துணியக் கழட்டுனதும் அப்படியே அம்மணமா கதவப் பாத்து ஓடி அம்மான்னு கத்துறா. கொஞ்ச நேரத்துல அடக்கிக்கிறா. அதுக்கப்புறம் படம் பூரா அவ அடக்கிக்கிட்டேதான் இருக்கா, முகத்துல அந்தப் பாடு தெரியும், உதடு துடிக்கும், உடனே வேற எங்கயோ பாத்துக்குவா. கரடி பொம்மையையும் தன்னோட போர்வைத் துண்டையும் விடவே மாட்டா. பக்கத்துல வந்த நர்ஸ்கிட்ட ரொம்ப சாதாரணமா, டைம் என்னன்னு கேக்கற மாதிரி, எங்கம்மா எங்க போயிட்டாங்கன்னு கேப்பா. அம்மா பாக்க வர்றப்ப ஓடிப் போய் கட்டிக்க மாட்டா, முகத்தத் திருப்பிக்குவா. கடைசி நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது தன்னோட சாமான் ஒண்ணு விடாம எடுத்துக்கிட்டு, அம்மா கை நீட்டுனா புடிக்காம தனியா நடந்து போறா. ஆறு மாசம் கழிச்சு இந்தப் படத்துல கொஞ்சத்த தற்செயலா பாத்துட்டு லாரா வெடிச்சு அழுது, அப்பல்லாம் நீங்க எங்க போயிருந்தீங்க அம்மான்னு கேட்டாளாம். ஆறு மாசமா அந்தக் கேள்விய அந்தக் குழந்தை உள்ளயே வெச்சிருந்திருக்கா.

என் கிளாஸ்ல ஒரு பையன் இருந்தான். வந்த முதல் நாள் சத்தமே இல்ல. ஷூ ரேக் பக்கத்துல உக்காந்துக்கிட்டான், தண்ணி பாட்டில் வாரக் கழுத்துல மாட்டி இருந்தான், கழட்ட விடல. ஸ்நாக்ஸ் டைம்ல வந்து உக்காந்து குடுத்தத சாப்ட்டான், முதுகுல பேக் அப்படியே இருந்துச்சு, பாட்டில் மேசைல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எல்லாரும் "எவ்வளவு சமத்துப் பையன், அழவே இல்ல பாருங்க மிஸ்"னாங்க. பக்கத்துல கதறிட்டு இருந்த பொண்ண மூணு பேர் தூக்கி சமாதானம் பண்ணாங்க, இவன்கிட்ட யாரும் போகல. எனக்கு லாரா ஞாபகம் வந்துச்சு. பேக்கும் பாட்டிலும் மாட்டி இருக்கற குழந்தை கிளம்பத் தயாரா இருக்குது, எந்த நிமிஷம் அம்மா வந்தாலும் போயிடணும்னு. அவன் பக்கத்துல தரைல போய் உக்காந்துக்கிட்டேன், "அம்மா ஸ்நாக்ஸ் முடிஞ்சு மணி அடிச்சதும் வருவாங்க கண்ணா, பாட்டில் நீயே வெச்சுக்க"ன்னு சொன்னேன். அப்பதான் அவன் அழ ஆரம்பிச்சான். அங்க இருந்தவங்களுக்கு நான் போய் ஒரு நல்ல பையன அழ வெச்சுட்டேன்னு தோணிருக்கும். எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

படத்த 1952 நவம்பர்ல லண்டன்ல ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின்ல போட்டுக் காட்டுனாங்க. டாக்டர்களும் நர்ஸுங்களும் கொதிச்சுப் போயிட்டாங்க, எங்க வார்டுகளக் கேவலப்படுத்திட்டீங்க, எங்க குழந்தைங்க எல்லாம் சந்தோஷமா இருக்காங்கன்னு. ஆனா ஒரு டாக்டர், டெர்மாட் மெக்கார்த்தின்னு பேரு, அமெர்ஷாம் ஆஸ்பத்திரிக்காரர், அவருக்கும் பயங்கரக் கோவம்தான், கோவத்தோட தன் வார்டுக்குத் திரும்பிப் போறாரு, போனதுக்கப்புறம் அங்க இருக்கற குழந்தைகளோட அழுகை முதல் தடவையா தன் காதுல விழுந்துச்சுன்னு பின்னாடி சொன்னாரு. அத்தனை வருஷம் அதே வார்டுல ரவுண்ட்ஸ் போனவரு அவரு. அம்மாக்கள் வார்டுல தங்கறதுக்கு வழி பண்ணாரு, 1958ல ராபர்ட்சன் அடுத்த படத்த எடுத்ததே அவரோட வார்டுலதான், அம்மா கூட இருந்தா குழந்தை எப்படி இருக்குங்கறதக் காட்டறதுக்கு.

1959ல ப்ளாட் கமிட்டி அறிக்கை வந்துச்சு. சர் ஹாரி ப்ளாட்ங்கறவரு தலைமைல, ஆஸ்பத்திரில இருக்கற குழந்தைகளோட நலன் பத்தி 55 பரிந்துரை. அப்பா அம்மா எப்ப வேணா வந்து பாக்கலாம், சின்னக் குழந்தைன்னா அம்மா கூடத் தங்க வசதி பண்ணணும்னு அதுல இருந்துச்சு. அரசாங்கம் ஏத்துக்கிட்டாங்க, ஆனா ஆஸ்பத்திரிகள் லேசுல மாறல. 1961ல பிபிசில ராபர்ட்சன் தன் படத்துலேர்ந்து கொஞ்சம் போட்டுக் காட்டி, பெத்தவங்க நீங்களே கேளுங்கன்னு சொன்னாரு, லண்டன் பேட்டர்சீ பகுதில இருந்த சில அம்மாக்கள் ஒண்ணு சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சு வார்டு வார்டா போய் ரூல் என்னன்னு கேட்டாங்க, எழுதுனாங்க, சண்டை போட்டாங்க. மிச்சம் மாறுனதுக்குக் காரணம் அந்த அம்மாக்கள்தான். இன்னைக்கு உலகத்துல எங்கயோ ஒரு குழந்தை ஐசியூல அம்மா பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்கன்னா அதுக்குப் பின்னாடி இவங்க எல்லாரும் இருக்காங்க.

பௌல்பிய பத்தி எனக்குக் கொஞ்சம் சிக்கலான அபிப்ராயம். 1951ல உலக சுகாதார நிறுவனத்துக்காக அவரு எழுதுன அறிக்கை பெரிய வேலை, போர்ல பெத்தவங்கள இழந்த குழந்தைகளுக்கு சோறும் துணியும் மட்டும் போதாது, ஒரு ஆளோட தொடர்ந்த நெருக்கமான உறவு வேணும்னு உலகத்துக்கு அழுத்தமா சொன்னவரு அவரு. அம்மா, இல்லன்னா நிரந்தரமா அம்மா இடத்துல இருக்கற ஒருத்தர்னுதான் எழுதுனாரு. ஆனா நாட்ல அது பரவுனது எப்படின்னா, அம்மா வேலைக்குப் போனா குழந்தை கெட்டுப் போயிடும்னு. 50கள்ல அம்மாக்கள வீட்டுக்குள்ள தள்ளுறதுக்கு இது நல்லா உதவுச்சு. இன்னைக்கும் நம்ம வாட்ஸப் குரூப்ல "அட்டாச்மென்ட்"னு ஆரம்பிக்கற பாதி மெசேஜ் வேலைக்குப் போற அம்மாவ அழ வெக்கறதுக்குன்னே எழுதுனது மாதிரி இருக்கும். எனக்கு அதப் படிச்சா பத்திக்கிட்டு வரும். ஏன்னா அமெரிக்காவுல இதையே நேரா கேள்வியா எடுத்து 1991ல பொறந்த 1,364 குழந்தைகளப் பொறந்ததுலேர்ந்து தொடர்ந்து பாத்தாங்க, குழந்தை டேகேர்ல இருக்கறதுங்கற ஒரே காரணத்தால அம்மாவோட இருக்கற ஒட்டுதல் கெடறது இல்லன்னு 1997ல பதில் வந்துடுச்சு. வீட்ல அம்மாவும் குழந்தையோட குறிப்பப் புரிஞ்சு நடந்துக்கல, டேகேரும் மோசம், இல்ல ரொம்ப நேரம், இல்ல அடிக்கடி மாறுதுன்னு ரெண்டும் சேர்றப்பதான் ஆபத்து கூடுது. இத எந்த குரூப்லயும் யாரும் ஃபார்வர்டு பண்றது இல்ல.

பௌல்பியோட வேலை பாத்த உளவியல் ஆராய்ச்சியாளர் மேரி ஐன்ஸ்வொர்த் பத்தி சொல்லணும். கணவருக்கு வேலைன்னு உகாண்டா போனவங்க, சும்மா இருக்காம 1954-55ல கம்பாலாவுக்குப் பக்கத்து கிராமங்கள்ல வீடு வீடா போய் உக்காந்து 26 குடும்பத்துல அம்மாவும் குழந்தையும் எப்படி இருக்காங்கன்னு பாத்தாங்க. குழந்தை தவழ்ந்து போய் எதையாவது நோண்டிட்டு நடுவுல அம்மா இருக்காங்களான்னு திரும்பிப் பாக்குது, வந்து தொட்டுட்டு மறுபடி போகுது, இத அங்கதான் கவனிச்சு எழுதுனாங்க. அப்புறம் அமெரிக்காவுல பால்டிமோர்ல 26 குடும்பம், வருஷம் பூரா வீட்டுக்கே போய் பாத்து, கடைசில குழந்தைக்கு ஒரு வயசு ஆகறப்ப ஒரு ரூம்ல இருவது நிமிஷ சோதனை. அம்மாவும் குழந்தையும் பொம்மைகளோட இருப்பாங்க, புது ஆள் ஒருத்தர் வருவாங்க, அம்மா வெளிய போவாங்க, திரும்ப வருவாங்க. அம்மா போறப்ப குழந்தை அழுததா இல்லையாங்கறத விட, அம்மா திரும்பி வந்ததும் குழந்தை என்ன செய்யுதுங்கறததான் அவங்க முக்கியமா பாத்தாங்க. இத எத்தனை பேருக்கு சொன்னாலும் ஆச்சரியப்படறாங்க. போறப்ப கதறி அழுத குழந்தை, அம்மா வந்து தூக்குனதும் தோள்ல சாஞ்சு கொஞ்ச நேரத்துல இறங்கி விளையாடப் போயிடுச்சுன்னா அது நல்லா இருக்கற குழந்தை, பாதுகாப்பான ஒட்டுதல் உள்ள குழந்தைன்னு சொல்லுவாங்க.

அந்த ரூம்ல ஒரு வகை குழந்தைங்க அம்மா போனாலும் கண்டுக்கல, வந்தாலும் கண்டுக்கல, பொம்மையவே பாத்துட்டு இருந்தாங்க. பாத்தா எவ்வளவு தைரியமான குழந்தைன்னு தோணும். 1977ல ஸ்ரூஃப், வாட்டர்ஸ்னு ரெண்டு பேர் இந்தக் குழந்தைகளுக்கு இதயத் துடிப்ப அளந்து பாத்தாங்க. அழற குழந்தைக்கு எப்படி துடிப்பு ஏறுமோ அப்படித்தான் இவங்களுக்கும் ஏறி இருந்துச்சு, கண்ணு பொம்மை மேல இருக்கு, மனசு விளையாட்டுல இல்ல. 1993ல ஜெர்மனில குழந்தைகளோட எச்சில்ல கார்டிசால், அதாவது மன அழுத்தத்துல உடம்பு சுரக்கற ஹார்மோன், அளந்து பாத்தப்பவும் இதேதான், வெளிய அமைதி, உள்ள உடம்பு திணறுது. ராபர்ட்சன் வார்டுல உக்காந்து கண்ணால பாத்து எழுதுனத நாற்பது வருஷம் கழிச்சு எச்சில்ல அளந்து சொன்னாங்க.

இதோட கொடுமையான எல்லைய ருமேனியால பாத்தாங்க. அந்த நாட்டு சர்வாதிகாரி சௌஷெஸ்கு 1966ல கருக்கலைப்பத் தடை பண்ணி எல்லாரும் பிள்ளை பெத்துக்கணும்னு சட்டம் போட்டாரு, வளர்க்க முடியாதவங்க அரசு இல்லத்துல விட்டாங்க, 1989 டிசம்பர்ல ஆட்சி கவிழ்ந்தப்ப லட்சத்துக்கும் மேல குழந்தைங்க இல்லங்கள்ல. வெளிநாட்டுலேர்ந்து போனவங்க சொன்னதுல எனக்கு மறக்காதது, வரிசை வரிசையா தொட்டில், அத்தனையிலயும் குழந்தை, ஆனா ரூம்ல சத்தமே இல்லங்கறதுதான். அழுதா யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்ச குழந்தை அழாது. கொஞ்சம் பெரிய குழந்தைங்க யாருன்னே தெரியாத ஆள்கிட்ட ஓடி வந்து காலக் கட்டிக்குவாங்க, பாக்கறவங்க எவ்வளவு பாசம்னு நெகிழ்ந்து போவாங்க, ஆனா யார் தன்னோட ஆளுன்னு ஒருத்தர் இல்லாத குழந்தை எல்லார்கிட்டயும் அப்படித்தான் போகும். நெல்சன், ஃபாக்ஸ், ஜீனான்னு மூணு பேர் 2000த்துல புக்கரெஸ்ட்ல ஆரம்பிச்ச ஆய்வுல 136 குழந்தைங்க, பாதிப் பேர வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்புனாங்க, யாருக்குக் குடும்பம்ங்கறத குலுக்கல் மாதிரி முடிவு பண்ணாங்க. அந்தக் குலுக்கல் எனக்கு இன்னும் மனசுல உறுத்தும், ஆனா அந்த ஊர்ல அதுக்கு முன்னாடி வளர்ப்புக் குடும்பம்ங்கற ஏற்பாடே பேருக்குத்தான் இருந்துச்சு, ஆய்வு இல்லன்னா அந்தப் பாதிப் பேருக்கும் கிடைச்சிருக்காது. ரெண்டு வயசுக்குள்ள குடும்பத்துக்குப் போன குழந்தைங்க ஒட்டுதல்லயும், மூளையோட மின் அலைகள்லயும் தேறி வந்தது கண்கூடா தெரிஞ்சுச்சு. ருமேனியா ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைய இல்லத்துல போடக்கூடாதுன்னு சட்டம் கொண்டு வந்தாங்க, கடுமையான ஊனம் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் விதிவிலக்கு வெச்சாங்க, அந்த விதிவிலக்கு எனக்குப் புடிக்கல. நம்ம நாட்டு 2015 சிறார் நீதிச் சட்டமும் இல்லம்ங்கறது கடைசி வழியாத்தான் இருக்கணும்னு சொல்லுது, வளர்ப்புக் குடும்பத்துக்கும் அதுல இடம் இருக்கு. ஆனா நம்ம ஊர்ல பிறந்தநாளுக்கு அன்னதானம் குடுக்கப் போற நல்ல மனசுக்காரங்ககிட்ட வளர்ப்புக் குடும்பம்னு ஒண்ணு இருக்குங்கறதச் சொன்னா புதுசா கேக்கறாங்க. அங்க போறப்ப யாராவது தெரியாத குழந்தை ஓடி வந்து கட்டிக்கிட்டா இந்தப் பத்திய நினைச்சுக்கங்க.

இனி என் வேலைக்கு வர்றேன். ஜெர்மனில பெர்லின் முறைன்னு ஒண்ணு, 1980கள்ல லேவென், ஆண்ட்ரெஸ், ஹேடெர்வாரின்னு மூணு பேர் அட்டாச்மென்ட் ஆராய்ச்சிய அடிப்படையா வெச்சு டேகேருக்காக உருவாக்குனது. இன்னைக்கு அந்த ஊர்ல ஏகப்பட்ட இடத்துல இதுதான் வழக்கம். முதல் மூணு நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தையோட ரூம்ல ஒரு மணி நேரம் மாதிரி இருந்துட்டு சேர்ந்தே கிளம்பிடுவாங்க, பிரிக்கற பேச்சே இல்ல. அவங்க ஓரமா உக்காந்துக்கணும், விளையாட்டுல நுழையக் கூடாது, ஆனா குழந்தை வந்தா மடி இருக்கணும். நாலாவது நாள்தான் சொல்லிட்டு வெளிய போய் பாக்கறது, அதுவும் அரை மணிக்கு மேல போகாது. குழந்தை அழுதா அங்க இருக்கற டீச்சரால சமாதானப்படுத்த முடியுதான்னு பாப்பாங்க, முடியலன்னா உடனே அம்மாவக் கூப்ட்டு இன்னும் நாள் கூட்டுவாங்க. குழந்தை அழாம இருக்கறது அங்க முடிவு கிடையாது. அழறப்ப டீச்சர்கிட்ட வந்து ஆறுதல் வாங்கிக்குதுன்னாதான் பழகிடுச்சுன்னு அர்த்தம். எனக்கு இத முதல்ல படிச்சப்ப எழுந்து நடக்கணும் போல இருந்துச்சு, நம்ம ஊர்ல அளவுகோல் அப்படியே தலைகீழா இருக்கே.

பெர்லின்லயே லீசெலாட்டே ஆனெர்ட் குழுவினர் 2004ல போட்ட ஆய்வுல ஒண்ணேகால் வயசு குழந்தைங்க 70 பேர். அம்மா கூட இருந்த பழகற நாட்கள்ல, பாதுகாப்பான ஒட்டுதல் உள்ள குழந்தைகளுக்கு கார்டிசால் கம்மியா இருந்துச்சு. அம்மா போனதுக்கப்புறம் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள வீட்ல இருக்கறத விட 75லேர்ந்து 100 சதவீதம் ஏறிடுச்சு, இதுல ஒட்டுதல் நல்லா இருக்கற குழந்தைன்னு விதிவிலக்கு இல்ல. அஞ்சு மாசம் கழிச்சுப் பாத்தப்பவும் வீட்டு அளவுக்கு மொத்தமா இறங்கல. அதே ஆய்வுல இன்னொண்ணு, அம்மாக்கள் எவ்வளவு அதிக நாள் கூட இருந்து பழக்குனாங்களோ அவ்வளவுக்கு அந்த அம்மா-பிள்ளை ஒட்டுதல் கெடாம இருந்துச்சு, இல்ல முன்ன விட நல்லாவும் ஆச்சு. அதனால நாங்க இப்ப புதுசா சேர்றவங்களுக்கு முதல் வாரம் வீட்டு ஆள் ஒருத்தர் கூட இருக்கணும்னு கேக்கறோம், அம்மாதான்னு கிடையாது, தாத்தா வந்தாலும் சரி, யார் மடி குழந்தைக்குப் பழக்கமோ அவங்க. லீவ் கிடைக்காதவங்களுக்கு காலைல அரை மணியாவது. ஒளிஞ்சு போறது மட்டும் கண்டிப்பா கூடாது. குழந்தை பொம்மை பாக்கற சமயம் பாத்து நழுவுனா அப்ப அழாது, ஆனா அடுத்த நாள்லேர்ந்து பொம்மையே பாக்காது, உங்க சுடிதார் நுனியப் புடிச்சுட்டுத் திரும்பித் திரும்பி உங்களையே பாத்துட்டு இருக்கும்.

டீச்சர விட ஆயாம்மா பத்திதான் எனக்கு அதிகக் கவலை. ராபர்ட்சன் தம்பதி 1969ல ஜான்ங்கற 17 மாசப் பையனப் படம் எடுத்தாங்க, அம்மாவுக்கு ரெண்டாவது பிரசவம், 9 நாள் ஒரு நர்சரில விட்டுட்டுப் போயிருக்காங்க. நர்ஸுங்க எல்லாரும் அன்பானவங்க, ஆனா ஷிஃப்ட் மாறிட்டே இருக்கும், யாருக்கும் தனியா இந்தக் குழந்தைன்னு கிடையாது. ஜான் ஒவ்வொரு நர்ஸா போய்ப் போய் பாக்கறான், மடில ஏறப் பாக்கறான், அதுக்குள்ள வேற குழந்தை வந்துடுது, இல்ல அவங்க ட்யூட்டி முடிஞ்சு போயிடறாங்க. கடைசில ஒரு பெரிய கரடி பொம்மை மேல சாஞ்சு கிடக்கறான். அம்மா வந்தப்ப கத்தி உதறித் தள்ளுறான். இதே ராபர்ட்சன்கள் வேற நாலு குழந்தைகள, இதே மாதிரி அம்மா பிரசவத்துக்குப் போனப்ப, தங்களோட வீட்லயே வெச்சுப் பாத்தாங்க, ஜாய்ஸ் ஒருத்தரே முழு நேரமும் பாத்துக்கிட்டாங்க, அம்மா ஃபோட்டோ காட்டி அம்மா பத்திப் பேசிட்டே இருந்தாங்க. அந்தக் குழந்தைங்களுக்கும் கஷ்டம் இருந்துச்சு, ஆனா ஜான் மாதிரி ஒடிஞ்சு போகல. தன்னோட ஆள்னு ஒருத்தர் இருந்தாங்க.

நம்ம மகப்பேறு நலச் சட்டத்த 2017ல திருத்துனப்ப 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடத்துல க்ரெச், அதாவது குழந்தைகளப் பாத்துக்கற இடம், இருக்கணும், அம்மா நாளைக்கு நாலு தடவை போய் குழந்தையப் பாக்க விடணும்னு எழுதிட்டாங்க, செயின்ட் தாமஸ் ரூலோட ஒப்பிட்டா எவ்வளவு தூரம் வந்துட்டோம்னு சந்தோஷம்தான். ஆனா அந்த க்ரெச்ல குழந்தைய நாள் பூரா தூக்கி வெச்சிருக்கற ஆயாம்மாவுக்கு எவ்வளவு சம்பளம், எத்தனை மாசம் நிப்பாங்கங்கறத யாரும் கேக்கறது இல்ல. ப்ளேஸ்கூல் பாக்கப் போற அம்மாக்கள் ஏசி இருக்கா, சிசிடிவி இருக்கா, என்ன சிலபஸ்னு கேக்கறீங்க. தயவுசெஞ்சு இதையும் கேளுங்க. என் குழந்தைய டயப்பர் மாத்தறது யாரு, ஊட்டறது யாரு, தினமும் ஒரே ஆளா, அவங்க இங்க எத்தனை வருஷமா இருக்காங்க. அவங்க பேரக் கேட்டு வெச்சுக்கங்க, காலைல குழந்தைய அவங்க கைல நேரா குடுங்க, வீட்ல அவங்க பேர சொல்லிப் பேசுங்க. எங்ககிட்ட ஒரு ஆயாம்மா வேலைய விட்டுப் போறாங்கன்னா இப்ப குழந்தைகளுக்கு ஒரு வாரம் முன்னாடியே சொல்றோம், புதுசா வர்றவங்க அந்த வாரம் பூரா பழைய ஆயாம்மா கூடவே இருந்து யார் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குவாங்க, யாருக்குத் தட்டிக் குடுக்கணும், யாருக்குத் தட்டுனா புடிக்காதுன்னு கத்துக்கறாங்க. ஒரு வார சம்பளம் ரெண்டு பேருக்குக் குடுக்கணும். மேனேஜ்மென்ட்கிட்ட கேட்டு வாங்கிட்டோம்.